உப்பின் மேல் பழி போடாதீர்கள்

சென்ற இதழில், 1960-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஓடிய உருகிய உப்பு அணு உலை, அதாவது யுரேனிய எரிபொருளை உருகிய உப்பிலேயே கரைத்து ஓட்டும் உலை பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பல கடிதங்களில் ஒரே கேள்வி: இப்போது பல்கலைக்கழகங்களில் இதைப் பற்றி ஆராய்கிறார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே, அங்கே என்னதான் செய்கிறார்கள்? நான் ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இந்த வேலையைச் செய்துவிட்டு ஊர் திரும்பியவள். இப்போது கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் உப்புக்கே.

எங்கள் உப்பளத்தில் விளையும் உப்பைத்தான் அணு உலையிலும் உருக்கி ஊற்றுகிறார்களா? உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே சைக்கிள், கேட், பம்பு எதுவும் நிலைப்பதில்லை. உலைக்குள் மட்டும் எப்படி நிலைக்கும்?
*— உப்பளத்தில் கணக்கு எழுதும் வாசகர், தூத்துக்குடி*

உங்கள் சைக்கிளைத் தின்பது உப்பு மட்டும் இல்லை. உப்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் கூட்டுச் சேர்ந்து தின்கின்றன. எலும்பாகக் காய்ந்த உப்புக்குள் ஓர் இரும்பு ஆணியைப் புதைத்து, காற்றும் ஈரமும் புகாமல் மூடி வையுங்கள். ஆணி அப்படியே இருக்கும். அந்த ஐந்து ஆண்டில் நான் கற்றதைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: உப்பின் மேல் பழி போடாதே, அதற்குள் புகுந்த ஈரத்தைத் தேடு.

அடுத்தது, எந்த உப்பு என்பது. சமையல் உப்பு 801 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அந்தச் சூட்டில் குழாயும் பம்பும் வைத்து நடத்துவது பெரும்பாடு. அதனால் உப்புகளைக் கலக்கிறார்கள். லித்தியம் ஃபுளோரைடு தனியாக உருக ஏறக்குறைய 850 டிகிரி வேண்டும். பெரிலியம் ஃபுளோரைடுக்கு 550-க்குச் சற்று மேல். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு என்று கலந்தால், இரண்டுக்கும் கீழே, 459 டிகிரியிலேயே உருகிவிடும். இந்தக் கலவையை ஃபிளைப் என்று கூப்பிடுவார்கள். உருகி நிற்கும்போது பார்த்தால் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கொதிக்க 1,400 டிகிரியைத் தாண்ட வேண்டும். 600, 700 டிகிரியில் ஓடும் உலையில் அது கொதிக்கவே கொதிக்காது என்பதால், தண்ணீர் உலைகளைப் போல அதை 70 மடங்கு, 150 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை. உருகிய உப்பின் மேல் இத்தனை பேருக்கு ஆசை வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

உங்கள் உப்புக்கும் இடம் இருக்கிறது. வேக நியூட்ரான்களைக் கொண்டு ஓடும் உலைகளுக்கு, சோடியம் குளோரைடில் யுரேனியம் குளோரைடைக் கரைத்துப் பயன்படுத்தும் திட்டங்கள் உண்டு. மக்னீசியம் குளோரைடு சேர்ந்த கலவைகளும் ஆய்வில் இருக்கின்றன. மக்னீசியம் குளோரைடு உங்களுக்கு அந்நியமில்லை. உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் அது நிறைய இருக்கும். ஐப்பசி மழையில் வீட்டு உப்பு ஜாடி நீர் விடுவதும் உப்போடு ஒட்டி வரும் அதனால்தான். அதை ஈரத்தோடு சூடாக்கினால் தண்ணீர் மட்டும் வெளியே போகாது. கூடவே ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில ஆவியும் கிளம்பும். மிச்சம் ஆக்சைடாக உப்புக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றி, வெற்றிடத்திலோ ஆர்கான் வாயுவிலோ வைத்து, நாள் கணக்கில் காய வைப்பார்கள். அவசரப்பட்டால் கெட்டது.

நிக்கல் கலந்த தனி உலோகம் தேவை என்று எழுதியிருந்தீர்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காதே, அது போதாதா?
*— இல்லத்தரசி, கும்பகோணம்*

அருமையான கேள்வி. எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணம் அதில் 18 சதவீதம் வரை இருக்கும் குரோமியம். காற்று பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு தோல் படிந்துவிடும். நாரால் தேய்த்துக் கீறினாலும் அந்தத் தோல் திரும்ப வளர்ந்துவிடும். பாத்திரத்தைக் காப்பது அந்தத் தோல்தான்.

உருகிய ஃபுளோரைடு உப்பு அந்தத் தோலைக் கரைத்துவிடும். உங்கள் ஊரில் நகைப் பட்டறைக்குப் போனால் இதே வேலை கண்முன்னே நடப்பதைப் பார்க்கலாம். பற்றவைக்கும் முன் தட்டார் வெங்காரம் தடவுகிறார் இல்லையா? வெங்காரம் உருகி, உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து, பளிச்சென்ற உலோகத்தை வெளியே கொண்டுவருகிறது. அப்படிச் செய்தால்தான் பற்று பிடிக்கும். தட்டாருக்குப் பட்டறையில் வேண்டியிருக்கிற அதே குணம்தான் உலை கட்டுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

தோல் போனபின் உலோகத்தை விட்டு முதலில் இறங்குவது குரோமியம். ஃபுளோரினோடு சேர்வதில் குரோமியத்துக்கு இரும்பைவிட நாட்டம் அதிகம்; இரும்புக்கு நிக்கலைவிட அதிகம். இதைப் பார்த்துத்தான் ஓக் ரிட்ஜில் ஹேஸ்டெலாய்-என் என்ற உலோகத்தை உருவாக்கினார்கள். பெரும்பகுதி நிக்கல், 16 சதவீதம் மாலிப்டினம், குரோமியம் சுமார் 7 சதவீதம். குரோமியத்தை ஒரேயடியாக எடுத்துவிடவும் முடியாது. குழாயின் வெளிப்பக்கம் சூடான காற்றில் நிற்கிறதே, அந்தப் பக்கத்துக்குத் தோல் வேண்டும்.

ஆனாலும் எவர்சில்வர் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் 316 ரக எவர்சில்வரை 700 டிகிரி ஃபிளைப்பில் 3,000 மணி நேரம் வரை மூழ்க வைத்துப் பார்த்தார்கள். எவர்சில்வர் குப்பிக்குள் வைத்த துண்டைவிட, கிராஃபைட் மூசைக்குள் (சூடு தாங்கும் கிண்ணத்துக்குள்) வைத்த துண்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை இழந்திருந்தது. உப்பும் அதே, சூடும் அதே. உப்பில் இறங்கிய குரோமியத்தைக் கிராஃபைட் தன் பக்கம் வாங்கி, கார்பைடாக, அதாவது கரியோடு சேர்ந்த சேர்மமாக, மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் இன்னும் இன்னும் இறங்கியிருக்கிறது. ஆக, உலைக்குள் எந்தப் பொருளுக்கு எது பக்கத்து வீடு என்பதையும் பார்க்க வேண்டும். உப்பு சுத்தமாக இருந்தால் எவர்சில்வரே தாங்கும் என்ற நம்பிக்கையில் இன்றைக்கு அதே குடும்பத்து ரகத்தில் உலைக்கலன் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

நான் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். உருகிய உப்பு ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்? நீங்கள் செய்ததையே சொல்லுங்களேன்.
*— மாணவி, பாளையங்கோட்டை*

சொல்கிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போனதும் முதல் வேலை க்ளவ் பாக்ஸ் பக்கத்தில் நின்று இரண்டு எண்களைக் குறித்துக்கொள்வது. க்ளவ் பாக்ஸ் என்பது பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே ஆர்கான் வாயு, முன்பக்கம் கண்ணாடி, தோள் வரை நீளும் கறுப்பு ரப்பர் கையுறைகள். அந்த எண்கள் ஆக்சிஜனும் ஈரமும். இரண்டும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் முன்னறையில் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, ஆர்கான் நிரப்பி, மறுபடி உறிஞ்சி என்று மூன்று சுற்று நடத்துவோம். துடைக்கிற காகிதத்தைக்கூட முதல் நாள் இரவே வெற்றிட அடுப்பில் காய வைத்துத்தான் உள்ளே விடுவோம். காகிதம் எவ்வளவு ஈரம் பிடித்து வைத்திருக்கும் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் அதிகம் புழங்கியது ஃபிளினாக் என்ற கலவை. லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றின் ஃபுளோரைடுகள் சேர்ந்தது. 454 டிகிரியில் உருகும். பெரிலியம் நுரையீரலுக்குப் பெரிய கேடு. ஃபிளைப்பைத் தொட வேண்டுமானால் அதற்கென்று தனி அறை, தனி உடை, அடிக்கடி மேசையைத் துடைத்துச் சோதிப்பது என்று எல்லாம் உண்டு. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் ஃபிளினாக்கைத்தான் கொடுப்பார்கள். அதிலுள்ள பொட்டாசியம் ஃபுளோரைடு மட்டும் காற்றைக் கண்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசிய ஆரம்பித்துவிடும்.

தபால்தலை அளவு உலோகத் துண்டுகளை உப்புத்தாளில், சொரசொரப்பில் தொடங்கி 1200-ஆம் நம்பர் வரை தேய்க்க வேண்டும். நீள அகலம் அளந்து, ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் மூன்று முறை எடை போட வேண்டும். அப்புறம் மூசையில் உப்போடு வைத்து, மூடி, 700 டிகிரியில் 500 மணி நேரம். கண்ணாடிப் பாத்திரம் ஆகாது, ஃபுளோரைடு கண்ணாடியைத் தின்னும். நிக்கல் அல்லது கிராஃபைட் மூசைதான். நேரம் முடிந்ததும் துண்டின் மேல் ஒட்டிய உப்பை அலுமினியம் நைட்ரேட் கரைசலில் கரைத்து எடுத்து, மறுபடி எடை. மூன்று வாரம் காத்திருந்து கிடைப்பது ஓர் எண், அவ்வளவுதான். அந்த ஓர் எண்ணுக்காகத்தான் அத்தனை ஒழுங்கும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் மூசையைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய உப்பு இளம்பச்சையாக இருந்தது. குரோமியம் உப்பில் இறங்கிவிட்டது என்பதற்கு எடை போட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை. எடை போட்டேன், அதற்கு முந்தைய துண்டுகளைவிடப் பல மடங்கு இழப்பு. மீட்டர் குறிப்பேட்டைப் புரட்டினால் எல்லா நாளும் நல்ல எண்கள். இரண்டு நாள் தேடி, கடைசியில் இடது கையுறையில், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேரும் மடிப்பில், ஊசி முனை அளவு ஓட்டை இருந்ததைக் கண்டுபிடித்தோம். மீட்டர் பொருத்தியிருந்தது, சுத்திகரித்த வாயு திரும்பி வரும் வழியில். அதனால் அது நல்லதையே காட்டிக்கொண்டிருந்தது. உப்பை அளந்து கலந்த இடத்தில், என் கைக்குப் பக்கத்தில், ஈரம் புகுந்துகொண்டிருந்தது.

நான் அந்தத் துண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். பேராசிரியர் கேட்கவில்லை. அவற்றையும் வெட்டு, குறுக்குவெட்டைப் பார் என்றார். பிசினில் பதித்து, மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தோம். மேல்பரப்பு அவ்வளவு மோசமில்லை. உள்ளேதான் விஷயம். உலோகம் முழுக்கச் சிறு சிறு மணிகளாக இருக்கும். அந்த மணிகள் ஒன்றோடொன்று முட்டும் விளிம்புகளையே பிடித்துக்கொண்டு, கரையான் மரத்துக்குள் இறங்குவதுபோல அரிப்பு இறங்கியிருந்தது, ஒரு தலைமுடிப் பருமன் ஆழத்துக்கு. அந்த வழி நெடுகிலும் குரோமியம் காலி. நிக்கலும் இரும்பும் பொள்ளலாக நிற்கின்றன. கெட்டுப்போன அந்தத் துண்டில் கற்றுக்கொண்ட அளவுக்கு நல்ல துண்டுகளில் நான் கற்கவில்லை.

ஓக் ரிட்ஜ் உலை நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது என்கிறீர்கள். அப்போதே எல்லாம் தெரிந்துபோயிருக்குமே. இப்போது பல்கலைக்கழகங்கள் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?
*— ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், மேட்டூர்*

ஐயா, அந்த உலையிலிருந்தே தொடங்குகிறேன். 1965 ஜூன் 1-ஆம் தேதி அதில் தொடர்வினை தொடங்கியது, 1969 டிசம்பரில் நிறுத்தினார்கள். வெப்பத் திறன் சுமார் 7.4 மெகாவாட், மின்சாரம் எடுக்கவில்லை, சோதனை உலை. எரிபொருள் கம்பிகளே அதில் கிடையாது. யுரேனியம் ஃபுளோரைடை உப்பிலேயே கரைத்து, அந்த உப்பே கிராஃபைட் கட்டைகளுக்கு நடுவே ஓடியது. 1968-ல், தோரியத்திலிருந்து உண்டாகும் யுரேனியம்-233-க்கு மாற்றினார்கள். அந்த எரிபொருளில் ஓடிய முதல் உலை அதுதான்.

இங்கேதான் வேதியியல் ருசிக்கிறது. யுரேனியம் நான்கு ஃபுளோரினோடும் இருக்கும், மூன்றோடும் இருக்கும். ஓர் யுரேனிய அணு பிளந்தால் நான்கு ஃபுளோரின்கள் துணையில்லாமல் நிற்கும். பிளந்து வந்த துண்டு அணுக்கள் அந்த நான்கையும் முழுதாக வாங்கிக்கொள்வதில்லை. மிஞ்சிய ஃபுளோரினின் பசி குழாயில் உள்ள குரோமியத்தின் மேல் திரும்பும். ஆக, உலை ஓட ஓட உப்பு தானாகவே அரிக்கும் பக்கம் சாயும். குழம்பில் புளிப்பு தூக்கினால் துளி வெல்லம் போடுவோமே, அந்த மாதிரி ஓக் ரிட்ஜில் பெரிலியக் கம்பியை ஒரு நிக்கல் கூட்டில் வைத்து, பம்பு இருக்கும் தொட்டி வழியாக உப்புக்குள் இறக்கினார்கள். பெரிலியம் கரைந்து, நான்கு ஃபுளோரின் யுரேனியத்தில் ஒரு சிறு பகுதியை மூன்று ஃபுளோரினாக மாற்றும். நூற்றுக்கு ஒன்று அப்படி இருந்தால் போதும், குரோமியத்துக்குப் போகும் வழி அடைபடும். அளவு மிஞ்சினால் வேறு ஆபத்து: யுரேனியம் உலோகமாகவோ கார்பைடாகவோ பிரிந்து கிராஃபைட்டில் படிய ஆரம்பிக்கும்.

இதை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் உலையை நிறுத்திப் பிரித்துப் பார்த்தபோது, உப்பு பட்ட உலோகப் பரப்பில் மணிகளின் விளிம்பு நெடுகச் சிறு விரிசல்கள். குற்றவாளி டெல்லூரியம், யுரேனியம் பிளக்கும்போது பிறக்கும் ஒரு தனிமம். இதற்கு மருந்தாகக் கொஞ்சம் நியோபியம் சேர்த்த உலோகத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோதே 1970-களில் திட்டத்துக்குப் பணம் நின்றது. அந்தத் தலைமுறையின் அனுபவம் அறிக்கைகளில் மட்டும் தங்கிவிட்டது. அதில் எழுதாமல் விட்ட கைப்பக்குவத்தை இன்றைய மாணவர்கள் முதலிலிருந்து கற்கிறார்கள்.

மிச்சம் என்ன என்று கேட்டீர்கள். ஒன்று, அளப்பது. உப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஓடுகிற உலையில் உடனுக்குடன் அறிய ஒரு மின்முனை வேண்டும். தண்ணீரில் வேலை செய்யும் ஒப்பீட்டு மின்முனை கண்ணாடிக்குள் இருக்கும். இங்கே கண்ணாடி கரைந்துவிடும். 700 டிகிரியில், மாதக் கணக்கில், எண் நகராமல் நிற்கும் மின்முனை செய்வது இன்றைக்கும் முனைவர் பட்டத்துக்கு உரிய வேலைதான். எந்தக் கலவை எப்போது உருகும், எவ்வளவு பிசுக்கு, எவ்வளவு வெப்பம் பிடிக்கும் என்ற எண்களே பலவற்றுக்கு ஆளுக்கொன்றாக இருக்கின்றன. தென் கரோலினா பல்கலைக்கழகமும் ஓக் ரிட்ஜும் சேர்ந்து அவற்றைச் சரிபார்த்து ஒரே இடத்தில் தொகுக்கின்றன. வெளியில் யாரும் இதைக் கொண்டாட மாட்டார்கள். ஆனால் இது இல்லாமல் ஒரு குழாயின் விட்டத்தைக்கூட உறுதியாக முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று, யாரும் எதிர்பாராதது. அரிப்பும் கதிர்வீச்சும் சேர்ந்தால் உலோகம் இன்னும் சீக்கிரம் கெடும் என்றுதான் பொதுவாக எல்லோரும் நினைப்பார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.-யில் நிக்கல்-குரோமியக் கலவையின் மெல்லிய தகடு ஒன்றை 650 டிகிரி ஃபிளினாக்கில் வைத்து, கூடவே புரோட்டான் கற்றையையும் பாய்ச்சினார்கள். 2020-ல் வெளிவந்த முடிவு: கற்றை பட்ட பகுதியில் மணி விளிம்பு அரிப்பு குறைவாக இருந்தது. கதிர்வீச்சு அணுக்களை இடம் பெயர்த்து நகர வைப்பதால், விளிம்பில் விழுந்த வெற்றிடங்கள் நிரம்பிக்கொள்கின்றன என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். எல்லா உலோகத்துக்கும் எல்லா உப்புக்கும் இது பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் படித்த அன்று நான் தூங்கவில்லை.

இந்த உப்பில் வரும் லித்தியமும் போன் பேட்டரியில் இருக்கும் லித்தியமும் ஒன்றா?
*— கைபேசி பழுது பார்ப்பவர், திருப்பூர்*

தனிமம் ஒன்றுதான், தேர்வு வேறு. இயற்கை லித்தியத்தில் 92 சதவீதத்துக்குச் சற்று மேல் லித்தியம்-7, மற்றது லித்தியம்-6. லித்தியம்-6 நியூட்ரானை விழுங்கிவிட்டு, டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைக் கொடுக்கும். அதனால் உலைக்கு 99.99 சதவீதத்துக்குக் குறையாத லித்தியம்-7 கேட்கிறார்கள். பனிப்போர்க் காலத்தில் ஓக் ரிட்ஜில் இதைப் பாதரசத்தைக் கொண்டு பிரித்தார்கள். அந்தப் பாதரசம் ஏராளமாக மண்ணிலும் ஓடையிலும் கலந்தது. இன்றுவரை சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். பாதரசம் இல்லாத வழி கண்டுபிடிப்பதும் இந்த ஆராய்ச்சியில் ஒரு பகுதிதான்.

எங்கள் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது என்கிறார்கள். அதற்கும் உப்பு உலைக்கும் என்ன தொடர்பு?
*— பள்ளி ஆசிரியர், மணவாளக்குறிச்சி*

உங்கள் ஊர் மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம். தோரியம் தானாகப் பிளந்து சக்தி கொடுக்காது. நியூட்ரானை வாங்கி, புரோட்டாக்டினியம்-233 ஆகி, அது 27 நாள் அரை ஆயுளில் யுரேனியம்-233 ஆக மாற வேண்டும். திட எரிபொருளில் இந்த இடைப்பட்ட ஆளைத் தனியே எடுத்து வைக்க முடியாது; உலைக்குள்ளேயே இருந்து நியூட்ரானை வீணாக்கும். உப்பில் கரைந்திருந்தால், உலை ஓடும்போதே பிரித்து ஒதுக்கி வைக்கலாம் என்பது ஆசை. வேதியியல் கணக்கில் அது சரி. குழாயும் பம்புமாகக் கட்டி ஓட்டுவது மிகக் கடினம். சீனாவின் கான்சு மாநிலத்தில் வூவெய் பக்கம் 2 மெகாவாட் சோதனை உலை ஒன்று 2023 அக்டோபரில் தொடர்வினையைத் தொட்டது. அடுத்த ஆண்டு அதில் தோரியமும் சேர்த்தார்கள். நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருகிய உப்பு ஈனுலைக்கு (ஓடும்போதே புது எரிபொருளை விளைவிக்கும் உலைக்கு) வடிவமைப்பு வைத்திருக்கிறது. கல்பாக்கத்தில் உருகிய உப்பு வேறு வேலைக்குப் பயன்படுகிறது: லித்தியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு கலவையில், 500 டிகிரியில், உலோக எரிபொருளை மின்பகுப்பு மூலம் மறுசுத்திகரிக்கும் ஆய்வு.

தண்ணீர் உலையைவிட இது பாதுகாப்பானது என்று எழுதினால் எங்களால் அப்படியே நம்ப முடியவில்லை. உண்மையைச் சொல்லுங்கள்.
*— கடலோர கிராமத்திலிருந்து ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்*

அம்மா, அப்படியே நம்பாமல் இருப்பதுதான் சரி. தெரிந்ததைச் சொல்கிறேன். அழுத்தம் குறைவு என்பது உண்மையான நன்மை. ஓக் ரிட்ஜில் அடியில் ஒரு குழாய்த் துண்டில் உப்பைக் குளிர்வித்து, உறைய வைத்து, அடைப்பாக வைத்திருந்தார்கள். மின்சாரம் போய் குளிர்விப்பது நின்றால், அடைப்பு உருகி, எரிபொருள் உப்பு முழுவதும் கீழே தொட்டிக்கு வடிந்துவிடும். சீசியம், ஸ்ட்ரான்ஷியம் போன்றவை ஃபுளோரைடாக உப்பிலேயே தங்கும், காற்றில் எளிதில் பறக்காது. செனான் போன்ற வாயுக்கள் தங்காது; அவற்றைத் தனியே பிடித்து வைக்க வேண்டும்.

மறுபக்கமும் கேளுங்கள். உலையை நிறுத்தியபின் உப்பைத் தொட்டியில் உறைய விட்டுவிட்டார்கள். உறைந்த உப்பில் கதிர்வீச்சு மெல்ல மெல்ல ஃபுளோரின் வாயுவைக் கிளப்பியது. அது யுரேனியத்தோடு சேர்ந்து வாயுவாகக் குழாய் வழியே நகர்ந்து, கரி வடிகட்டிப் படுகையில் போய்ச் சேர்ந்திருந்ததை 1994-ல்தான் கண்டுபிடித்தார்கள். நிறுத்தி கால் நூற்றாண்டு கழித்து! அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்ய ஆண்டுக் கணக்கில் ஆனது. ஓடும்போது சமர்த்தாக இருந்த உப்பு, கவனிக்காமல் விட்டபோது கெட்டது. அதனால் புதிதாக உலை கட்ட வருகிறவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நிறுத்தியபின் இந்த உப்பை எங்கே, எந்த வடிவில், யார் பொறுப்பில் வைப்பீர்கள் என்பது. நானும் அதைத்தான் கேட்பேன்.

மகன் வேதியியல் இளங்கலை முடிக்கப்போகிறான். இந்தத் துறைக்குப் போக வேண்டுமானால் எங்கே, என்ன படிக்கலாம்?
*— தையல் தொழிலாளி, சிவகங்கை*

உங்களுக்குப் பக்கத்திலேயே தொடங்கலாம். காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உருகிய உப்பை மின்பகுத்து மக்னீசியம் போன்ற உலோகங்களை எடுக்கும் வேலையில் பழுத்த அனுபவம் உள்ள இடம். மாணவர்களைத் திட்ட வேலைக்கு எடுக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். முதுகலையில் மின்வேதியியல், வெப்ப இயக்கவியல் இரண்டையும் ஆழமாகப் படிக்கட்டும். உலோகவியல் ஒரு தாளாவது எடுக்கட்டும்.

அப்புறம் வெளிநாடு. விஸ்கான்சின், பெர்க்லி, எம்.ஐ.டி. பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பான். டெக்சாஸில் அபிலீன் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்று ஒன்று, பெரிய பேர் கிடையாது. ஜார்ஜியா டெக், டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மூன்றோடும் கூட்டுச் சேர்ந்து, 1 மெகாவாட் உருகிய உப்பு ஆராய்ச்சி உலை கட்ட 2024 செப்டம்பரில் அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் அனுமதி வாங்கிவிட்டது. எரிபொருள் உப்பிலேயே கரைந்து ஓடும் வகை அது. ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் இப்படி ஒன்று வரப்போகிறது என்று நான் அங்கே இருந்த காலத்தில் சொல்லியிருந்தால் நாங்கள் யாரும் நம்பியிருக்க மாட்டோம்.

விண்ணப்பத்தில் மதிப்பெண்ணோடு நிறுத்த வேண்டாம். கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்யக்கூடிய ஒன்றைச் செய்து எழுதட்டும். ஒரே அளவுள்ள எவர்சில்வர் துண்டுகளை உப்புக் கரைசலில் போட்டு, வாரம் ஒருமுறை எடுத்து, கழுவி, உலர்த்தி, எடை போட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு நாள்கூட விடாமல் குறித்த நோட்டு ஒன்று. எண்கள் ஒழுங்காக வராத வாரத்தையும் அடிக்காமல், ஏன் என்று பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.